காய்ச்சல் விட்டுடுச்சு, நெஞ்சு படபடப்பு விடல

கொருக்குப்பேட்டை பொண்ணு:
தம்பிக்கு 22 வயசு, வியாசர்பாடில தினமும் ஃபுட்பால் ஆடுறவன். ரெண்டு வாரம் முன்ன சளி, இருமல், 102 டிகிரி காய்ச்சல்னு படுத்தான், அஞ்சு நாள்ல சரியாயிடுச்சு. இப்ப இன்னான்னா மூணாவது மாடி ஏறுறதுக்குள்ள ரெண்டாவது மாடிலயே கைப்பிடிய புடிச்சுக்கினு நின்னுடறான், மூச்சு வாங்குது, சட்டை மேல கை வச்சாலே படக்கு படக்குனு அடிக்குறது தெரியுது. காய்ச்சல் அசதின்னு அம்மா சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை மேட்ச் ஆடியே தீருவேன்றான், விடலாமா?

வார்டு நர்ஸ்:
விடவே விடாத தங்கச்சி. ஃப்ளூ, கோவிட், அடினோ, காக்சாக்கி மாதிரி வைரஸுங்க சில பேருக்கு இதய தசையையே வீங்க வச்சிடும், மயோகார்டைட்டிஸ்னு சொல்வாங்க. வைரஸ் நேரா தசைய தாக்கும், இல்லன்னா அத அழிக்க கெளம்புன நம்ம எதிர்ப்பு சக்தியே இதயத்தையும் சேத்து பதம் பாத்துடும், அதான் காய்ச்சல் போன பிறகும் தொல்லை வருது. அந்த வீக்கத்தோட ஓடுனா துடிப்பு தாறுமாறா போயி கிரவுண்டுலயே விழுந்துடலாம். இசிஜி, ட்ரோபோனின் ரத்த டெஸ்ட் (இதய தசை அடிபட்டா இது ரத்தத்துல ஏறும்), எக்கோன்ற இதய ஸ்கேன், மூணும் இன்னிக்கே பாக்கணும், ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்கு பக்கம்தான். இசிஜி மட்டும் நார்மல்னு திரும்பி வந்துடாதீங்க. நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தா யோசிக்காம 108.

காசிமேட்டுக்காரன்:
எங்கப்பாவுக்கு 61, சுகர் கீது. ஃப்ளூ வந்த நாலாவது நாள் இடது தோள் வலிக்குதுன்னார், காய்ச்சல் ஒடம்பு வலின்னு நாங்களே வலி மாத்திரை குடுத்தோம், விடியக்காத்தால மீன் ஏலத்துக்கு கெளம்புறப்போ சட்டை தொப்பலா வேர்த்து உக்காந்துட்டார், பாத்தா அட்டாக். நோய்த்தொற்றுல ரத்தம் சுளுவா உறையுமாம், குழாய்ல ஏற்கெனவே இருந்த கொழுப்பும் வெடிச்சு அடைச்சுக்குமாம். கனடாவுல 2018ல வந்த ஆராய்ச்சில, ஃப்ளூன்னு உறுதியான முதல் 7 நாள்ல அட்டாக் வர்ற வாய்ப்பு 6 மடங்குன்னு போட்டிருந்தாங்க. இப்ப வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுடறோம். தம்பிய இட்டுனு போம்மா, அந்த வலி மாத்திரைய நாங்க குடுத்தது இன்னிக்கும் மனச அறுக்குது.

கொருக்குப்பேட்டை பொண்ணு:
நேத்து நைட்டே போயிட்டோம். ட்ரோபோனின் ஜாஸ்தி, எக்கோல பம்பிங் லேசா கம்மி, அட்மிட் பண்ணிட்டாங்க. எம்ஆர்ஐ எடுக்கணுமாம். ஆறு மாசம் பந்த தொடக்கூடாதுன்னதும் செவுத்து பக்கம் திரும்பி படுத்துக்கினான், பேசவே இல்ல.

வார்டு நர்ஸ்:
அழட்டும், விடு. முக்காவாசி பேருக்கு நல்லாவே சரியாயிடும், இந்த வயசுல கேக்கவே வேணாம். மறுபடி எக்கோ பாத்து டாக்டர் சொன்னப்புறம்தான் ஆட்டம்.

கொருக்குப்பேட்டை பொண்ணு:
சரிக்கா. வீட்டுக்கு விட்டப்புறம் அந்த மூணு மாடி ஏறலாமா, இல்ல கீழ பெரியம்மா வீட்லயே கொஞ்ச நாள் படுக்க வைக்கட்டுமா?