தனி சவுண்ட் ஆள் இல்லாத ஐந்து பேர் பேண்டுக்கு டேப்லெட் மிக்ஸர்: எதைப் பார்த்து வாங்குவது?

கீழ்ஸ்தாயி கேட்டது:

வணக்கம். நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். பேண்டில் ஐந்து பேர்: டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு, பாடுகிறவர். கிட்டார்காரரும் கீபோர்டுக்காரரும் கூடவே பாடுவார்கள். சவுண்டுக்கென்று தனி ஆள் கிடையாது. வாசித்துக்கொண்டே நான்தான் கவனித்துக்கொள்கிறேன்.

இப்போது இருப்பது 12 சேனல் அனலாக் மிக்ஸர். மேடையில் எங்களுக்கே கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கருக்கு அதில் இரண்டே ஆக்ஸ் (தனிக் கலவையை வெளியே அனுப்பும் வழி). பாடுகிறவர் தன் குரலைக் கூட்டச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் கீபோர்டுக்காரருக்கும் சேர்ந்தே கூடிவிடுகிறது. ஒருவருக்காகச் செய்வது இன்னொருவருக்கு இடைஞ்சல்.

அதனால் டேப்லெட்டில் இயக்கும் டிஜிட்டல் மிக்ஸருக்கு மாறுவதென்று முடிவு செய்துவிட்டோம். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்16, எக்ஸ்ஆர்18, சவுண்ட்கிராஃப்ட் யுஐ16, யுஐ24ஆர் என்று பார்த்து வைத்திருக்கிறேன். மேடைக்கு வருவது இவ்வளவு: டிரம்ஸுக்கு கிக், ஸ்னேர், மேலிருந்து பிடிக்கும் ஓவர்ஹெட் இரண்டு என நான்கு மைக், கிட்டார் ஆம்ப் மைக், பாட்டு மைக் மூன்று, பேஸ் டிஐ (வாத்தியத்தை நேராக மிக்ஸரோடு இணைக்கும் பெட்டி), அகூஸ்டிக் கிட்டார் டிஐ, கீபோர்டு ஸ்டீரியோ, முன்பே பதிவு செய்த டிராக்குகளுக்கு லேப்டாப் ஸ்டீரியோ. மொத்தம் 14.

16 சேனல் போதுமா? பாட்டு நடுவில் வைஃபை அறுந்தால் சத்தம் நின்றுவிடுமா? வாசிக்கிறவனே மிக்ஸ் செய்வதற்கு இது ஒத்துவருமா?

தாளக்கட்டு:

பெயரில் இருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள், மைக்கின் சன்னமான சிக்னலைப் பெருக்கும் மைக் ப்ரீஆம்ப் எத்தனை என்று பாருங்கள். எக்ஸ்ஆர்16இல் மைக் ப்ரீஆம்ப் 8தான், மீதி 8 கீபோர்டு, லேப்டாப் போன்ற வலுவான சிக்னலுக்கான லைன் உள்ளீடு. உங்கள் பட்டியலில் மைக்குகளே எட்டு. டிஐ பெட்டியிலிருந்து வருவதும் மைக் அளவு சிக்னல்தான் என்பதால் பேஸுக்கே ஒன்பதாவது ப்ரீஆம்ப் தேவைப்படும். டிரம்ஸில் டாமுக்கு ஒரு மைக் சேர்க்கலாம் என்று நினைத்தாலும் இடம் இருக்காது. யுஐ16இல் 12 மைக் ப்ரீஆம்ப், எக்ஸ்ஆர்18இல் 16, யுஐ24ஆரில் 20.

நான் டிரம்ஸ் ஆள். எனக்கு எக்ஸ்ஆர்18 போதுமானதாக இருக்கிறது.

மேடைப்பக்கம்:

தாளக்கட்டு சொன்ன கணக்கு சரி. எக்ஸ்ஆர்18 என்றால் கீபோர்டை 17, 18 லைன் உள்ளீடுகளில் கொடுத்துவிடலாம். மற்றவை 12 போக, 16இல் இன்னும் நான்கு காலியாக இருக்கும். உள்ளீட்டுக் கவலை அத்தோடு முடிந்தது. ஆனால் உங்கள் உண்மையான பிரச்சினை வெளியீடு. ஐந்து பேருக்கும் தனித்தனி மானிட்டர் கலவை வேண்டும், அதாவது ஹாலுக்குப் போகும் மெயின் போக ஐந்து ஆக்ஸ். யுஐ16இலும் எக்ஸ்ஆர்16இலும் நான்குதான். எக்ஸ்ஆர்18இல் ஆறு, யுஐ24ஆரில் எட்டு. பட்டியல் இங்கேயே பாதியாகிவிட்டது பாருங்கள்.

ஆக்ஸ் எல்லாவற்றையும் ப்ரீ-ஃபேடரில் (சேனலின் ஒலியளவை நகர்த்தும் ஃபேடருக்கு முன்பே சிக்னலை எடுக்கும் நிலை) வையுங்கள். அப்போதுதான் ஹாலுக்காக நீங்கள் ஒரு ஃபேடரை இறக்கினால் பாடுகிறவரின் காதில் எதுவும் மாறாது. எக்ஸ்ஆர்18இல் ஒவ்வொரு ஆக்ஸுக்கும் தனியாக 31 பட்டை கிராஃபிக் ஈக்யூ (ஒலியை 31 அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்துக் கூட்டிக் குறைப்பது) போட முடியும். மானிட்டர் ஊளையிட்டால் அந்த ஒரு மானிட்டரில் அந்த ஒரு அலைவரிசையை மட்டும் இறக்கினால் போதும்.

வைஃபை விஷயம். டேப்லெட் வெறும் ரிமோட். ஒலி முழுவதும் பெட்டிக்குள் நடக்கிறது. இணைப்பு அறுந்தாலும், டேப்லெட்டே அணைந்துபோனாலும், கடைசியாக வைத்த நிலையில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஆபத்து, அந்த நேரத்தில் மைக் ஊளையிட ஆரம்பித்தால் இறக்குவதற்கு உங்களிடம் எதுவும் இல்லை என்பதில்தான் இருக்கிறது. அதனால் இணைப்பை உறுதியாக்குவதற்கு மிக்ஸரைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமமான கவனம் கொடுங்கள் என்று எல்லா பேண்டுகளிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எக்ஸ்ஆர்18இன் உள்ளே இருக்கும் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். அந்தப் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். காலி ஹாலில் சவுண்ட் செக் செய்யும்போது அருமையாக இருக்கும். ஆட்கள் நிரம்பியதும் அத்தனை பேர் போன்களும் அதே பட்டையில் பேசும், மனித உடலும் அந்த அலையை நன்றாக உறிஞ்சிவிடும். தனியாக ஒரு டூயல் பேண்ட் ரௌட்டர் வாங்கி, லேன் கேபிளால் மிக்ஸரோடு இணைத்து, 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுங்கள். ரௌட்டரை ரேக்குக்குள் ஒளித்து வைக்காமல் ஸ்டாண்டில் தலைக்கு மேலே உயர்த்துங்கள். நீங்கள் மேடையிலேயே நிற்பதால் தூரம் பிரச்சினையே இல்லை. ஆண்ட்ராய்டு டேப் என்றால் இன்னொன்று: இணையம் இல்லாத வைஃபை என்று தெரிந்ததும் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும் வழக்கம் அதற்கு உண்டு. மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

மின்சாரத்தையும் மறந்துவிடாதீர்கள். அனலாக் மிக்ஸரில் மின்சாரம் போய் வந்தால் உடனே சத்தம் வந்துவிடும். இது மறுபடி எழுந்துவர நேரம் எடுக்கும், ரௌட்டர் அதைவிட அதிகம். மிக்ஸரும் ரௌட்டரும் மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். ஸ்பீக்கர்களை அதில் மாட்ட வேண்டாம்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. மேடையில் நின்று வாசிக்கிறவருக்கு ஹாலில் என்ன கேட்கிறது என்று தெரியாது. பேஸ் ஆம்புக்கு முன்னால் நிற்கிற உங்களுக்கு இன்னும் கஷ்டம். டேப்லெட் மிக்ஸர் உங்களுக்குச் செய்யும் பெரிய உதவி இந்த இடத்தில்தான். எக்ஸ்ஆர்18ஐ யுஎஸ்பியில் லேப்டாப்போடு இணைத்தால் 18 டிராக்குகளைத் தனித்தனியாகப் பதிவு செய்யலாம், அதே டிராக்குகளை அதே சேனல்களுக்குத் திருப்பி அனுப்பவும் செய்யலாம். முதல் இரண்டு பாட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எல்லோரும் மேடையிலிருந்து இறங்குங்கள். சேனல்களின் மூலத்தை யுஎஸ்பிக்கு மாற்றிப் பதிவை ஓடவிட்டு, டேப்லெட்டோடு ஹால் நடுவில் போய் நில்லுங்கள். உங்கள் பேஸ் எவ்வளவு கூடுதலாக இருக்கிறது, குரல் எங்கே அமுங்குகிறது என்று நிதானமாகக் கேட்டுச் சரிசெய்யலாம். ஐந்து பேரையும் கூட்டிப்போய்க் கேட்க வையுங்கள். தன் சத்தத்தைக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்த கிட்டார்காரர் தானாகவே ஆம்பைக் குறைப்பதை நான் பல பேண்டுகளில் பார்த்திருக்கிறேன். யுஐ24ஆர் என்றால் லேப்டாப்பே வேண்டாம், பென்டிரைவிலேயே பல டிராக்குகளாகப் பதிவாகும்.

ஆம்ப், டிரம்ஸிலிருந்து நேராக ஹாலுக்கு வரும் சத்தம் பதிவை ஓடவிடும்போது இருக்காது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். சின்ன ஹாலில் அது பெரிய பங்கு. அதனால் டிரம்ஸும் ஆம்ப் வைத்திருப்பவற்றையும் நேரில் ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும்.

கீழ்ஸ்தாயி:

விளக்கமாகச் சொன்னதற்கு மிக்க நன்றி. ஹாலில் நின்று கேட்கலாம் என்பதே எனக்குப் புதிய செய்தி. இன்னும் ஒன்று. டிரம்மரும் பாடுகிறவரும் இன்-இயருக்கு (காதுக்குள் வைக்கும் மானிட்டர்) மாற விரும்புகிறார்கள், அதுவும் ஸ்டீரியோவில். அப்புறம், எல்லோரும் அவரவர் போனிலேயே மானிட்டரை மாற்றிக்கொள்ளலாமா?

பழைய கேபிள்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இரண்டு கையும் கிட்டாரில் இருக்கும்போது கண்ணாடித் திரையில் விரலை வைத்து ஃபேடர் தேடுவது எனக்கு ஒத்துவரவே இல்லை. வியர்த்த விரலுக்குத் திரை சரியாகக் கேட்பதும் இல்லை. வாசிக்கிறவர் மிக்ஸ் செய்வதென்றால் கையில் பிடித்துத் திருக ஏதாவது இருக்க வேண்டும். ஆலன் அண்ட் ஹீத் சிக்யூ-18டி பாருங்கள். பெட்டியிலேயே 7 அங்குலத் தொடுதிரையும் திருகுகளும் உண்டு, டேப்லெட்டும் பயன்படுத்தலாம். இணைப்பு போனாலும் பெட்டியிடம் நடந்துபோய்ச் சரிசெய்துவிடலாம். எஸ்டி கார்டில் பல டிராக் பதிவும் இருக்கிறது. எக்ஸ்ஆர்18தான் வேண்டும் என்றால் எக்ஸ்-டச் என்ற ஃபேடர் பலகையை லேன் கேபிளில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் தூக்கிச் செல்ல ஒரு பெட்டி கூடிவிடும்.

மேடைப்பக்கம்:

பழைய கேபிள் சொல்வது நியாயம்தான், பெட்டியிலேயே திரை இருப்பது பெரிய தைரியம். ஆனால் அதற்குப் பெட்டி உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டிரம்ஸுக்குப் பின்னால் வைக்கிற பேண்டுக்கு அதனால் பயன் குறைவு. பாட்டுக்கு நடுவே நீங்கள் தொடுவது குரல், கீபோர்டு, எதிரொலி என்று நான்கைந்துதான் இருக்கும். மிக்ஸிங் ஸ்டேஷன் என்ற ஆப்பில் அவற்றை மட்டும் ஒரே பக்கத்தில் பெரிய ஃபேடர்களாக வைத்து, டேப்லெட்டை மைக் ஸ்டாண்டிலேயே மாட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்டீரியோ இன்-இயர் ஒருவருக்கு இரண்டு ஆக்ஸ் எடுக்கும். இருவருக்கு நான்கு, மற்ற மூவருக்கு மானிட்டர் மூன்று, ஆக ஏழு. எக்ஸ்ஆர்18இன் ஆறில் அடங்காது. டிரம்மருக்கு மோனோ போதும் என்று ஒத்துக்கொண்டால் சரியாக ஆறு. இல்லையென்றால் எக்ஸ்ஆர்18இலிருந்து அல்ட்ராநெட் கேபிள் ஒன்றை இழுத்து அவருக்கு பி16 தனி மிக்ஸர் கொடுக்கலாம். ஒரே கேபிளில் 16 சேனல் போகும், அவரே திருகிக்கொள்வார். இந்த இரண்டும் வேண்டாம் என்றால் யுஐ24ஆரின் எட்டு ஆக்ஸ் உங்களுக்குப் பொருந்தும். அது பிரவுசரிலேயே இயங்குவதால் எந்தப் போனிலும் ஆப் நிறுவ வேண்டியதில்லை.

போனில் மாற்றிக்கொள்ள விடுங்கள், உங்கள் வேலை பாதி குறையும். ஆனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆக்ஸ் மட்டும் தெரியும்படி அமைத்த பிறகே கொடுங்கள். மெயின் ஃபேடர் எல்லோர் போனிலும் இருக்கக் கூடாது. இன்-இயர் போகிற ஆக்ஸில் லிமிட்டரும் (சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுப்பது) போட்டுவிடுங்கள். மைக் கீழே விழுந்தால் அந்தச் சத்தம் நேராகக் காதுக்குள் போகும்.

கீழ்ஸ்தாயி:

டிரம்மரிடம் கேட்டேன், மோனோவுக்குச் சம்மதம். அப்படியானால் எக்ஸ்ஆர்18, தனி ரௌட்டர், சின்ன யுபிஎஸ். அடுத்த ஒத்திகையிலேயே பதிவு செய்து ஹாலில் நின்று கேட்கப் போகிறோம். டிராக்குகளைத் திருப்பி அனுப்பும் அமைப்பில் சிக்கினால் இங்கேயே வந்து கேட்கிறேன்.