11,400 கை ஆடியாச்சு, நான் கெட்டிக்காரனா இல்லையா? (சண்டை போடாமல் சொல்லவும்)

செக்காலைக்காரன்
வணக்கம். 2025 ஆகஸ்டில் மத்திய சட்டம் வந்ததும் காசு வைத்து ஆடும் போக்கர் தளங்கள் இங்கே கடையை மூடிவிட்டன. நானும் அதோடு விட்டுவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் மூன்று வருஷம் ஆடியதெல்லாம் லேப்டாப்பில், ஆடிய கைகளைப் பதிவு செய்யும் போக்கர்டிராக்கர் 4 மென்பொருளில் அப்படியே கிடக்கிறது. பொங்கலுக்கு காரைக்குடி வந்த இடத்தில், முகப்பில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன்.

மொத்தம் 11,400 கை. விபிஐபி 31, பிஎஃப்ஆர் 18, ஏஎஃப் 2.1. லாபம் 100 கைக்கு 4 பெரிய பிளைண்டு. (புதியவர்களுக்கு: சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் காசு பிளைண்டு; சின்னது, பெரியதில் பாதி. அந்தப் பிளைண்டு போக, நாமாக விரும்பிக் காசு போட்ட கைகளின் சதவீதம் விபிஐபி. பந்தயத்தை ஏற்றுவது ரெய்ஸ், ஏற்றாமல் ஈடு கட்டுவது கால், கையை விட்டுவிடுவது மடக்குவது. ஃபிளாப், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டு, விழும் முன் ரெய்ஸ் செய்த சதவீதம் பிஎஃப்ஆர். ஏஎஃப் ஆக்ரோஷத்தின் அளவு.)

அத்தான் பார்த்துவிட்டு "எல்லாம் அதிர்ஷ்டம்" என்கிறார். லாபத்தில் முடித்தவன் கெட்டிக்காரன் என்பது என் கட்சி. இன்னொன்று: ஒரு ஆளோடு 46 கை ஆடியிருக்கிறேன். ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ் செய்யும் திரீ-பெட் அவனுக்கு 0. பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டி, ரெய்ஸ் செய்து அவனை மடக்க வைத்து அவன் பிளைண்டைத் திருடிக்கொண்டே இருந்தேன். சரிதானே?

பேரேடு_தேவகோட்டை
தம்பி, உங்கள் கோப்பில் இரண்டு விதமான எண்கள் இருக்கின்றன. ஒன்று கல், மற்றொன்று புகை. நீங்கள் புகையைப் பிடித்துக்கொண்டு அத்தானோடு சண்டை போடுகிறீர்கள்.

ஆறு பேர் மேசையில் நோ-லிமிட் ஹோல்டம் போக்கர் ஆடுகிறவருக்கு 100 கைக்குத் திட்டவிலக்கம் (ஏற்ற இறக்கத்தின் அளவு) ஏறத்தாழ 80 முதல் 100 பெரிய பிளைண்டு. 90 என்று வையுங்கள். 11,400 கை என்றால் 114 நூறுகள். 114இன் வர்க்கமூலம் 10.7. 90ஐ அதால் வகுத்தால் 8.4. நம்பிச் சொல்ல அதை இரட்டிப்பாக்க வேண்டும், 17. அப்படியானால் உங்கள் உண்மையான லாபம் 4க்கு இருபுறமும் 17 வரை நகரலாம். நூற்றுக்கு 13 பிளைண்டு தோற்கிறவராகவும் இருக்கலாம், 21 ஜெயிக்கிறவராகவும் இருக்கலாம். ஒரு லட்சம் கை ஆடியிருந்தாலும் அந்த இடைவெளி 5.7க்கு வந்திருக்கும், அவ்வளவுதான். அப்போதும் 4இல் 5.7ஐக் கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழேதான்.

உங்கள் விபிஐபி 31 இருக்கிறதே, அதுதான் கல். அதே 11,400 கையில் அதன் பிசகு ஒன்றுக்கும் கீழே. எப்படி ஆடுகிறீர்கள் என்பது சீக்கிரம் தெரிந்துவிடும். எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்பது லேசில் தெரியாது.

அந்தப் பயந்தாங்கொள்ளி விஷயம்: அவனுடைய 0 மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். எத்தனை வாய்ப்பில் 0 என்று காட்டும்.

செக்காலைக்காரன்
0/9 என்று இருக்கிறது.

பேரேடு_தேவகோட்டை
பார்த்தீர்களா, 46 இல்லை, 9. முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்தால்தானே அதற்கு மேல் இவன் ரெய்ஸ் செய்ய முடியும். நூற்றுக்கு 7 தடவை திரீ-பெட் செய்கிற சாதாரண ஆளுக்கே, 9 வாய்ப்பில் ஒன்றுகூட வராமல் போவது பாதிக்குக் கொஞ்சம் மேல், 52 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்துப் பெயர் வைத்த மாதிரிதான்.

பட்டாலை_மூலை
பேரேடு ஐயா கணக்குச் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி மேலேயே நம்பிக்கை கிடையாது. நான் ஆன்லைனில் ஆடியது கொஞ்சம்தான். கல்யாண வீட்டுப் பட்டாலையில் 304 சீட்டாட்டம் ஆடி நாற்பது வருஷம் ஆகிறது.

ஆன்லைன் போக்கரில் ஒரு ராத்திரி நடந்தது. ஒருத்தன் 60 கை வரை 7 கைதான் ஆடினான், சாமியார் மாதிரி. பிறகு பெரிய தொகை குவிந்த ஒரு கையில் எவனோ ஒன்றுமில்லாத கையைக் காட்டி அவனை ஏமாற்றிவிட்டான். அடுத்த 20 கையில் 14 ஆடினான். வெறி. எனக்கு அது கண்ணில் தெரிந்தது, காசு பண்ணினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தம்பி மகன் கம்ப்யூட்டர் என்ன காட்டியது தெரியுமா? 80க்கு 21, விபிஐபி 26. "நிதானமான ஆள் பெரியப்பா" என்கிறான். 26 ஆடுகிற ஆள் அந்த மேசையில் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை அப்பா! முதலில் 12 ஆடுகிறவன் இருந்தான், அப்புறம் 70 ஆடுகிறவன் இருந்தான்.

பேரேடு_தேவகோட்டை
நல்ல உதாரணம், மறுக்க மாட்டேன். சராசரி அப்படித்தான் ஏமாற்றும். ஆனால் இதற்குப் பெட்டியைக் குறை சொல்லக்கூடாது. கடைசி 20 கையை மட்டும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது, உங்கள் தம்பி மகன் பார்க்கவில்லை.

திருப்பி ஒன்று கேட்கிறேன். 304இல் ஜேக்குக்கு 30, ஒன்பதுக்கு 20. எந்த ஜேக் விழுந்தது, துருப்பு எத்தனை பாக்கி என்று மனசுக்குள் எண்ணுகிறீர்களா இல்லையா? நீங்கள் எண்ணினால் கெட்டிக்காரத்தனம், பெட்டி எண்ணினால் பாவமா?

பட்டாலை_மூலை
நான் எண்ணுவது மேசையில் எல்லோர் கண் முன்னாலும் விழுந்த சீட்டை. எதிராளிக்கும் அதே வசதி உண்டு. இந்த ஹட் (எதிராளியின் எண்களைத் திரையிலேயே காட்டும் மென்பொருள்) என்பதை ஒருத்தன் ஆள் தலைக்கு மேல் ஒட்டி வைத்துக்கொண்டு ஆடுகிறான், எதிரே இருப்பவனுக்கு அது இருப்பதே தெரியாது. பார்ட்டிபோக்கர் தளம் 2019இல் இதை நிறுத்தியது சும்மாவா? ஜிஜிபோக்கரும் வெளி ஹட்டை விடுவதில்லை, தானே ஒன்றை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கிறது. போக்கர்ஸ்டார்ஸ்கூட, ஒருவர் தான் உட்காராத மேசையின் கைப் பதிவுகளை மொத்தமாக வாங்கி உள்ளே ஏற்றுவதைத் தடுத்து வைத்திருக்கிறது.

அப்புறம் என் தலைக்கு மறதி உண்டு, அது நல்லது. பெட்டிக்கு மறதி கிடையாது. இரண்டு வருஷம் முன்னால் தத்தக்கா பித்தக்கா என்று ஆடியவன் இன்றைக்குத் தேறியிருப்பான். பெட்டி பழைய பாட்டையே பாடும்.

பேரேடு_தேவகோட்டை
மறதி நல்லதா! உங்கள் தலை எதை வைத்துக்கொள்ளும், எதை விடும் என்று உங்களுக்கே தெரியாதே. எவனோ பிளஃப் காட்டிய கை நினைவிருக்கும். அவன் சத்தமில்லாமல் மடக்கிய 58 கை நினைவிருக்காது.

எங்கள் ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக (மேலாளுக்கு அடுத்த ஆளாக) இருந்தவர். ஊருக்குத் திரும்பிய பிறகும் வளவில் பாய் போட்டு உட்கார்ந்து ஐந்தொகை (இருப்புக் கணக்கு) பார்ப்பார். யாராவது "இந்த வருஷம் நல்ல வட்டி வந்தது" என்றால் நிமிராமல் கேட்பார்: "எவ்வளவு முதலுக்கு, எத்தனை மாசத்துக்கு?" அந்த இரண்டும் சொல்லாதவனிடம் மேற்கொண்டு பேசவே மாட்டார். அதைத்தான் நான் இங்கே கேட்கிறேன், புதிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் பழைய கணக்கு பழசாகிவிடும் என்றது சரி. தேதி வைத்து வடிகட்ட வேண்டும். அதற்கு வடிகட்டி இருக்கிறது.

புதுவயல்_வாசி
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்த மென்பொருளை நம்பித்தான் எனக்கு 1.4 லட்சம் போனது. வரைபடத்தில் உண்மையில் ஜெயித்த கோடு கீழே, ஈவி (சராசரியாக வந்திருக்க வேண்டிய லாபம்) கோடு மேலே. பார்க்கும்போதெல்லாம் "நான் நல்லாத்தான் ஆடுகிறேன், நேரம் சரியில்லை" என்று இன்னும் காசு போட்டேன். வீட்டில் இன்றைக்கும் முழுசாகச் சொல்லவில்லை.

பேரேடு_தேவகோட்டை
வருத்தமாக இருக்கிறது. அந்தக் கோட்டைப் பற்றி யாரும் உங்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை போல. ஈவி கோடு திருத்துவது ஒரே ஒரு அதிர்ஷ்டத்தை: எல்லாச் சில்லும் உள்ளே போன பிறகு, மிச்சச் சீட்டு எப்படி விழுந்தது என்பதை. உங்களுக்கு வந்த சீட்டு எப்படி, எதிராளிக்கு அதைவிட நல்ல சீட்டு எத்தனை தடவை வந்தது, ஆல்-இன் ஆகாமல் ரிவர் என்னும் கடைசிப் பொதுச் சீட்டில் கால் செய்து விட்ட காசு, இதெல்லாம் அதில் கிடையாது. ஈவி கோடு மேலே இருந்தும் தோற்கிற ஆட்டக்காரனாக ஒருவன் இருக்கலாம். தாராளமாக.

பட்டாலை_மூலை
இதைத்தான் நானும் சொல்கிறேன். எண் கையில் இருந்தால் மனுஷன் தனக்குப் பிடித்த எண்ணைத்தான் எடுப்பான். புதுவயல் தம்பி, வீட்டில் சொல்லிவிடுங்கள்.

செக்காலைக்காரன்
சரி, லாபம் புகை, ஒத்துக்கொள்கிறேன். ஏஎஃப் 2.1 நல்லதுதானே? ஆக்ரோஷமாக ஆடியிருக்கிறேன்.

பேரேடு_தேவகோட்டை
ஏஎஃப் என்பது பெட் கட்டிய, ரெய்ஸ் செய்த தடவைகளைக் கூட்டி, கால் செய்த தடவைகளால் வகுப்பது. மடக்கியது அதில் சேரவே சேராது. ஒருவன் நல்ல சீட்டு வந்தால் மட்டும் 4 தடவை பெட் கட்டி, 1 தடவை கால் செய்து, மிச்சம் 15 தடவையும் ஓடிப்போனால் ஏஎஃப் 4! பார்த்தால் புலி, உள்ளே முயல். மடக்கியதையும் கீழே சேர்த்து வகுக்கும் இன்னொரு எண் இருக்கிறது, அதில் இவனுக்கு 20 சதவீதம்தான்.

உங்கள் 2.1ஐ விடுங்கள். எனக்கு உறுத்துவது 31க்கும் 18க்கும் நடுவில் இருக்கிற 13. ரெய்ஸ் செய்யாமல் சும்மா கால் செய்து உள்ளே போன கைகள் அவை. எத்தனை பேர் மேசையில் ஆடினீர்கள்?

செக்காலைக்காரன்
ஆறு பேர் மேசைதான். ஆனால் நடு ராத்திரிக்கு மேல் பாதிப் பேர் போய்விடுவார்கள், மூன்று நான்கு பேரோடு ஓடும். 2025இல் தமிழ்நாடு அரசு ராத்திரி 12 முதல் 5 வரை காசு ஆட்டம் கூடாது என்று விதி போட்ட பிறகுதான் நான் ஒழுங்காகத் தூங்கவே ஆரம்பித்தேன், அது வேறு கதை.

பேரேடு_தேவகோட்டை
அப்படியானால் அந்த 31ம் சாம்பார் பாயசம் கலந்த எண். ஆள் குறைந்தால் அதிகக் கை ஆடத்தான் வேண்டும், பிளைண்டு சீக்கிரம் சுற்றி வரும். இரண்டையும் பிரித்துப் போடுங்கள்.

செக்காலைக்காரன்
கரன்ட் போய்விட்டது, அதனால் தாமதம். பிரித்துவிட்டேன்.

ஐந்து ஆறு பேர் இருந்தபோது: 6,300 கை, விபிஐபி 24, பிஎஃப்ஆர் 17.
மூன்று நான்கு பேர் இருந்தபோது: 5,100 கை, விபிஐபி 40, பிஎஃப்ஆர் 19.

பேரேடு_தேவகோட்டை
முதல் வரியில் உட்கார்ந்திருப்பவர் ஒழுங்கான மனிதர். இரண்டாம் வரியில் வேறு ஆள். 40இல் 19தான் ரெய்ஸ், 21 சும்மா கால். ஓட்டை அங்கேதான். எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தபோது என்று இனி இடம் வாரியாக…

பட்டாலை_மூலை
இடம் வாரியாக எதற்கு? நான் சொல்கிறேன். பாதிக்கு மேல் சின்ன பிளைண்டில். பெட்டியைத் திறக்காமலே சொல்கிறேன், பந்தயம் ஒரு டிகிரி காபி.

செக்காலைக்காரன்
அண்ணே! சின்ன பிளைண்டில் விபிஐபி 58, பிஎஃப்ஆர் 11. எப்படித் தெரிந்தது?

பட்டாலை_மூலை
பாதிக் காசு ஏற்கெனவே உள்ளே கிடக்கிறது, இன்னும் பாதிதானே என்று தோன்றும். ராத்திரி ஒரு மணிக்கு யாருக்கும் தோன்றும். எனக்கும்தான்.

பேரேடு_தேவகோட்டை
அந்த 58 எத்தனை கைக்கு?

செக்காலைக்காரன்
1,460.

பேரேடு_தேவகோட்டை
போதும். காபி என் கணக்கில்.