புதுப்பிப்பு: மான்களுக்கான குளோவர் நிலம், சின்ன டிராக்டரை வைத்தே

மிச்சிகனில் எங்கள் காட்டோரத்து அரை ஏக்கரில் வெண்வால் மான்கள் மேய வெள்ளை குளோவர் என்ற தீவனப் பயிரை விதைக்க 25 குதிரைத்திறன் டிராக்டர் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதும். விதைத்தாயிற்று, முளைத்தும் விட்டது.

ரோட்டவேட்டரா (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறுவது), சட்டிக் கலப்பையா (வட்டத் தட்டுகளால் உழுவது) என்று இங்கே பெரிய வாதமே நடந்தது. நான் சட்டிக் கலப்பையைத்தான் எடுத்தேன். ரோட்டவேட்டர் மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிவிடும். குளோவர் விதையோ கடுகை விடச் சிறியது, கால் அங்குலத்துக்குக் கீழே போனால் மேலே வரத் திணறும். ஆனால் சின்னக் கலப்பைக்கு எடை பத்தவில்லை, புல்வேரின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. சட்டத்தின் மேல் சிமென்ட் கட்டைகளை வைத்துக் கட்டியதும் சட்டிகள் இறங்கின. குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினேன்.

விதைக்கு முன்னால் உருளை ஓட்டி மண்ணை இறுக்குவதுதான் முக்கியம். நடந்து பார்த்தால் குதிகால் அரை அங்குலத்துக்கு மேல் புதையக் கூடாது. அப்புறம் விதையைத் தூவி, மறுபடி உருளை. விதையை மூடுகிறேன் என்று கலப்பையைத் திரும்ப இறக்க வேண்டாம்.

சுண்ணாம்பு பற்றிக் கேட்டவர்களுக்கு: மண் பரிசோதனையில் பிஹெச் (மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறைந்தால் அமிலம் அதிகம்) 5.6 வந்தது, குளோவருக்கு 6-க்கு மேல் வேண்டும். அதை உயர்த்தத்தான் சுண்ணாம்பு. வசந்தத்திலேயே போட்டுவிட்டேன், அது வேலை செய்ய மாதக்கணக்காகும். விதைப்பு ஆகஸ்டில், கூடவே ஓட்ஸ். அது சீக்கிரம் எழுந்து குளோவருக்கு நிழல் தரும், குளிர்காலத்தில் தானே செத்துவிடும்.

மேய்ச்சலை அளக்க ஒரு கம்பிவலைக் கூண்டு நட்டிருக்கிறேன். உள்ளே ஓட்ஸ் முழங்கால் உயரம், வெளியே மொட்டை! களைக்கு எந்தப் புல்வெட்டி என்பதை வசந்தத்தில் கேட்கிறேன்.