அவசரம்: மஞ்சள் ஊசி போடலாமா? (எச்.ஐ.வி. இருக்கிறது)

வழிப்போக்கன்
வியாழக்கிழமை மஞ்சள் ஊசிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். எனக்கு எச்.ஐ.வி. உண்டு, மாத்திரை ஒருநாள்கூட விட்டதில்லை. ஊசி போடலாமா, கூடாதா? ஊசி போடுகிற இடத்தில் இதைச் சொல்லிக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. அலுவலகத்திலும் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

தும்பி
தாராளமாகப் போடலாம். நம்மைப் போன்றவர்கள் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசியே அதுதான். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி-யும் எச்.ஐ.வி.யும் பரவும் வழிகள் ஏறக்குறைய ஒன்று. ஒரே ஒரு விஷயம், நம்மில் பலருக்கு வழக்கமான அளவு பிடிப்பதில்லை. அதனால் 20 மைக்ரோகிராமுக்குப் பதில் 40 போடுவார்கள். கேட்டு வாங்குங்கள். கடைசி ஊசி முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) அளவு பார்க்க வேண்டும், 10-க்கு மேல் இருந்தால் பிடித்துவிட்டது. எனக்கு முதல் சுற்றில் 4-தான் வந்தது. மறுபடி முழுச் சுற்றும் போட்டபிறகுதான் ஏறியது.

அரைக்கிணறு
சி.டி.4 (எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) எவ்வளவு? வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு)? கடைசியாக எப்போது பார்த்தது? இது எதுவும் இல்லாமல் "போடலாமா" என்றால் என்ன சொல்வது?

பழையபேனா
மாதம் ஒருமுறை இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பழைய இழைகளைத் தேடிப் படித்தால் விரலா தேய்ந்துவிடும்? தம்பி, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் பயந்து இணையத்தில் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. போட்டுக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

மேல்மாடி
போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு மாதத்துக்கு வைரல் லோடு பரிசோதனைப் பக்கமே போகாதீர்கள். எந்த ஊசி போட்டாலும் வைரஸ் தூக்கம் கலைந்து எழுந்துவிடும். எனக்கு ஃப்ளூ ஊசி போட்டபின் அப்படித்தான் ஆயிற்று. ஊசிகளைத் தள்ளிப்போடுவது நல்லது என்பது என் கருத்து.

அரைக்கிணறு
அது 1990-களின் கதை மேல்மாடி. கூட்டு மருந்து வருவதற்கு முன்னால், ஊசிக்குப் பின் வைரல் லோடு கொஞ்ச நாள் ஏறி இறங்குவதைப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஏறினாலும் சொற்பம், தானே இறங்கிவிடும். இதற்குப் பயந்து ஃப்ளூ ஊசியைத் தள்ளிப்போட்டு ஃப்ளூவே வந்தால் அப்போது மட்டும் வைரஸ் தூங்கிக்கொண்டிருக்குமா?

கூழாங்கல்
எல்லாரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். வழிப்போக்கன், "மஞ்சள் ஊசி" என்று எதைச் சொல்கிறீர்கள்? மஞ்சள் காமாலையா, மஞ்சள் காய்ச்சலா? நேரம் வாங்கிப் போடுகிற ஊசி என்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எங்காவது பயணமா?

வழிப்போக்கன்
மஞ்சள் காய்ச்சல்தான். வேலை விஷயமாகக் கானா போக வேண்டும். ஊசிச் சான்று இல்லாமல் உள்ளே விட மாட்டார்களாம். மஞ்சள் ஊசி என்றாலே அதுதான் என்று நினைத்துவிட்டேன்.

தும்பி
அய்யோ. நான் எழுதியதை மறந்துவிடுங்கள். நான் சொன்னது முழுக்க ஹெபடைடிஸ் பி.

கூழாங்கல்
அப்படியென்றால் கதையே வேறு. ஹெபடைடிஸ் பி ஊசியில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும். அதனால் பெருகவே முடியாது. சி.டி.4 50 இருந்தாலும் கெடுதல் செய்யாது, பலன்தான் குறையலாம். மஞ்சள் காய்ச்சல் ஊசியில் இருப்பது 17டி என்ற வைரஸ். 1930-களில் நலியவைத்த வகை, ஆனால் உயிரோடு இருக்கிறது. உடம்புக்குள் போய்க் கொஞ்சம் பெருகித்தான் எதிர்ப்பை உண்டாக்கும். உடம்பு சரியாக இருந்தால் சில நாளில் அடக்கிவிடும். அடக்க முடியாதவர்களுக்கு ஊசியின் வைரஸே கல்லீரல், சிறுநீரகம் வரை போய்த் தாக்கலாம். மிக மிக அபூர்வம், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் எண் கேட்கிறோம். சி.டி.4 200-க்குக் கீழே என்றால் கூடாது. 200 முதல் 499 வரை என்றால், போகிற இடத்தில் நோய் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். 500-க்கு மேல், வேறு தொந்தரவும் இல்லையென்றால் பொதுவாகத் தடை இல்லை. மாத்திரை விடாமல் சாப்பிடுவது நல்ல விஷயம், ஆனால் இந்தக் கேள்விக்கு அது மட்டும் போதாது.

பழையபேனா
"உயிரோடு இருக்கிறது" என்றெல்லாம் எழுதி ஆட்களைப் பயமுறுத்த வேண்டாம். நலிவூட்டப்பட்ட தடுப்பூசி என்பதே சரியான சொல். வைரஸுக்கு உயிர் உண்டா என்பதே விவாதத்துக்குரியது.

கூழாங்கல்
சற்று முன் "போட்டுக்கொண்டு வேலையைப் பாருங்கள்" என்று எழுதியது நீங்கள்தான். எந்த ஊசி என்று கேட்கவும் இல்லை.

பழையபேனா
நான் பொதுவாகச் சொன்னேன். சொல்லைச் சரியாகப் பயன்படுத்துங்கள் என்றால் ஏன் கோபம் வருகிறது?

அரைக்கிணறு
சொல் எதுவாக இருந்தாலும், பெருகுமா பெருகாதா என்பதுதான் விஷயம். எம்பாக்ஸுக்குப் போடும் எம்.வி.ஏ.-பி.என். ஊசியிலும் வைரஸ் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் மனித உடம்பில் பெருகாது. அதனால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் போடுகிறார்கள். ஃப்ளூவிலேயே கையில் போடும் ஊசி ஆகும், மூக்கில் அடிப்பது ஆகாது. டைபாய்டில் ஊசி ஆகும், விழுங்கும் மாத்திரை ஆகாது. நோயின் பெயரை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மேல்மாடி
அப்போது நான் சொன்னது சரிதானே? ஊசி ஆபத்து.

அரைக்கிணறு
இல்லை. நீங்கள் சொன்னது ஃப்ளூ ஊசி. அது வேறு.

தும்பி
இந்த 200 கணக்கு சும்மா எழுதிவைத்தது இல்லை. தட்டம்மை ஊசி (அதிலும் வைரஸ் உயிரோடுதான் இருக்கிறது) போட்ட, எச்.ஐ.வி. உள்ள இளைஞர் ஒருவருக்குப் பல மாதம் கழித்து நுரையீரலில் ஊசியின் வைரஸே கண்டுபிடிக்கப்பட்டது, அவர் பிழைக்கவில்லை. 1996-இல் அமெரிக்காவில் பதிவானது. சி.டி.4 அடிமட்டத்தில் இருந்தது, ஊசி போடும்போது அவருக்கு எச்.ஐ.வி. அறிகுறியே இல்லை. அதைப் படித்த பிறகுதான் நான் எங்கே ஊசி போட்டாலும் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன். வழிப்போக்கன், தயக்கம் புரிகிறது. ஆனால் இந்த ஊசிக்கு முன்னால் மட்டும் மறைக்காதீர்கள்.

வழிப்போக்கன்
சி.டி.4 340. வைரல் லோடு மூன்று வருடமாகக் கண்டறிய முடியாத அளவு.

மேல்மாடி
340 நல்ல எண்தானே, போட்டுவிடுங்கள்.

அரைக்கிணறு
இப்போது நீங்களே போடச் சொல்கிறீர்களா! 340 எப்போது எடுத்தது? பயணம் எப்போது? சான்று, ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லும். முன்பு எப்போதாவது போட்டிருந்தால் தேடிப் பாருங்கள், 2016 ஜூலை முதல் பழைய சான்றும் ஆயுள் முழுக்கச் செல்லும்.

கூழாங்கல்
கூடவே வயது. நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள தைமஸ் சுரப்பியில் ஏதாவது நோய், அறுவை என்று உண்டா என்பதும்.

வழிப்போக்கன்
எடுத்து 14 மாதம் ஆகிறது. மாதக் கடைசியில் பயணம். முன்பு போட்டதில்லை. தைமஸ் பிரச்சினை எதுவும் இல்லை. வயது 62. அதுவும் முக்கியமா?

தும்பி
பழையபேனா, உங்கள் "தம்பி"க்கு 62.

கூழாங்கல்
ஐயா, அதுதான் முக்கியம். முன்பு சொன்ன அபூர்வமான விளைவு, 2001-இல் முதலில் எழுதப்பட்டது, 60 தாண்டி முதல்முறை போடுகிறவர்களிடம்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. எச்.ஐ.வி. இல்லாதவருக்கே அந்த வயதில் யோசித்துத்தான் போடுவார்கள். உங்களுக்கு இரண்டு காரணங்கள் சேர்ந்துவிட்டன. வியாழக்கிழமை நேரத்தை ரத்து செய்துவிட்டு, உங்களுக்கு மாத்திரை எழுதித் தருகிற மருத்துவரிடம் முதலில் போங்கள். புதிதாக ஒரு சி.டி.4 எடுத்துக்கொள்ளுங்கள், 14 மாதப் பழைய எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது.

அவர் வேண்டாம் என்றால் விலக்குக் கடிதம் கேட்கலாம். சர்வதேச சுகாதார விதிமுறையில் அதற்கு இடம் உண்டு. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ காரணத்தோடு எழுத வேண்டும், ஏற்பது அந்த நாட்டு அதிகாரிகள் கையில்.

அரைக்கிணறு
கடிதம் அதிகாரிக்குத்தான், கொசுவுக்கு இல்லை. கானாவில் நோய் இருக்கிறது. கடிதத்தோடு போனால் பாதுகாப்பில்லாமல்தான் போகிறீர்கள். போகத்தான் வேண்டுமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

வழிப்போக்கன்
காரணத்தோடு என்றால் எச்.ஐ.வி. என்று எழுதுவார்களா? அதை வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் நிற்க வேண்டுமா?

தும்பி
நோயின் பெயர் வராமல் எழுத முடியுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். அலுவலகத்துக்கு வயதைச் சொன்னாலே போதும் ஐயா, அது பொய்யும் இல்லை.

பழையபேனா
முதல் பதிவிலேயே வயதை எழுதியிருந்தால் இவ்வளவு நேரம் வீணாகியிருக்காது.

(பதினொரு நாள் கழித்து)

வழிப்போக்கன்
போடவில்லை. புது சி.டி.4 290. மருத்துவர் ஒரேயடியாக வேண்டாம் என்றுவிட்டார். வயதைச் சொன்னேன், அலுவலகத்திலிருந்து வேறொருவர் போகிறார். ஹெபடைடிஸ் பி ஊசி நான் போட்டதே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்த மஞ்சள் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தேன். எல்லாருக்கும் நன்றி.

தும்பி
20-ஆ 40-ஆ?

தும்பி
ஐயா, இருக்கிறீர்களா? எந்த அளவு போட்டார்கள் என்று சீட்டில் பார்த்துச் சொல்லுங்கள்.