குமிழி வாதம்: சுழியோடிகளின் நோய்க்கு ஒரு பெயர்

ஐயா, வணக்கம்.

சுழியோடிகளுக்கு வருகிற decompression sickness என்ற நோய்க்கு 'அமுக்கநீக்க நோய்' என்று நீங்கள் தந்த சொல்லில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் எங்கள் திருகோணமலையில், குச்சவெளிப் பக்கம் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிற ஒரு சுழியோடியிடம் சொன்னால் பிடிபடாது. அமுக்கம் நீங்கினால் நல்லதுதானே என்பார்.

நோய் வருகிற விதத்தைப் பாருங்கள். 30 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் கடல் மட்டத்தில் இருப்பதைப் போல 4 மடங்கு. சுவாசிக்கிற காற்றிலுள்ள நைதரசன் அதற்கேற்ப அதிகமாக உடம்பில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தது போலக் குமிழியாகக் கிளம்பும். மூட்டில் வலி எடுக்கும். முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புத்தண்டான முண்ணாணைத் தாக்கினால் கால் விழுந்துவிடும். 1878இல் இதை விளக்கியவர் பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர்ட். பாலத்துக்கு அத்திவாரம் தோண்ட ஆற்றடியில் இறக்கும், அமுக்கக் காற்று நிரப்பிய பெட்டிக்குக் கெசோன் என்று பெயர். அதில் வேலை செய்தவர்களுக்கு வந்ததால் கெசோன் நோய். அவர்கள் வலியில் வளைந்து நடந்ததால் பெண்ட்ஸ். ஒன்று தொழிலைப் பார்த்து வைத்த பெயர், மற்றது உடம்பைப் பார்த்து.

'முடக்குவாதம்' என்று வைக்கலாமென்றால், அது வேறொரு மூட்டு நோய்க்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஆனாலும் வாதத்தை விட எனக்கு மனமில்லை. சித்த மருத்துவத்தில் வாதம் காற்றின் கூறு. மூட்டுப் பிடிப்பும் பக்கவாதமும் அதன் கணக்கில்தான் வரும். காற்று, மூட்டு வலி, முடக்கம் மூன்றும் இந்த நோயிலும் உண்டு. ஆகவே 'குமிழி வாதம்'. முதலில் குமிழ்வாதம் என்றுதான் எழுதினேன். குமிழ் என்று மூலிகை மரமே இருப்பதால் 'குமிழி' என்றே இருக்கட்டும்.

வாதம் என்றால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்துவிடுவார்கள் என்று டொக்டர் அக்கா பயப்படுகிறார். நியாயம்தான். என் சித்தப்பா அப்படித்தான் இரண்டு நாள் தோளுக்கு எண்ணெய் போட்டார். ஆனால் அவருக்கு நோயின் பெயரே தெரியாது. உள்ளே குமிழி என்று ஒரு சொல் காதில் விழுந்திருந்தால், தேய்த்துப் போகிற வலி இல்லை என்று அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். சிகிச்சை, ஒட்சிசனோடு திரும்பவும் அமுக்கம் கொடுத்து மெல்லக் குறைப்பது. அதற்கு 'மீளமுக்கம்' சரி. அங்கே உங்கள் சொல்தான் கைகொடுக்கிறது. 'அமுக்கநீக்கம்' மேலே வருகிற செயலுக்கு இருக்கட்டும், நோய்க்கு வேண்டாம்.