பைலட் லைட்: நந்தாச்சுடரா, கங்குச்சுடரா?

> வாயு விளக்கின் ‘பைலட் லைட்’டுக்கு ‘வழிகாட்டிச் சுடர்’ பொருந்துமா?

ஐயா, பொருந்தாது என்றே நினைக்கிறேன். அது பெரிய சுடரைப் பற்றவைக்க எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடர்; யாருக்கும் வழி காட்டுவதில்லை. பெயரை விட்டுவிட்டு அதன் வேலையைப் பார்ப்போம்.

1807-இல் லண்டன் பால் மால் தெருவில் வின்சர் என்பவர் வாயு விளக்கு எரித்துக் காட்டினார். அதன்பின் வெகுகாலம் விளக்கேற்றுபவர் ஏணியோ நுனியில் தீ வைத்த கோலோ தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். மாலையில் ஏற்ற ஒரு நடை, விடியலில் அணைக்க ஒரு நடை, இரண்டுக்கும் கூலி. 1885-இல் வெல்ஸ்பாக் என்பவர் மேன்டிலுக்குக் காப்புரிமை எடுத்தார். நம் பெட்ரோமாக்ஸில் கட்டுகிற அதே வலைதான். ஒருமுறை எரிந்துவிட்டால் அது வெறும் சாம்பல் கூடு. கோல் இடித்தால் உதிர்ந்துவிடும். விளக்குக்குள்ளேயே தீ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. வால்வைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு சிறு குழாயில் பட்டாணி அளவுச் சுடர் பகலிலும் எரியும்; அதுதான் பைலட் லைட். வால்வு திறந்ததும் மேன்டில் பற்றிக்கொள்ளும். வால்வைத் திறக்கச் சாவி கொடுத்த கடிகாரம் போதும். லண்டனில் மிச்சமிருக்கும் வாயு விளக்குகள் பலவற்றில் இன்றும் அப்படித்தான். ஆள் கூலி மிச்சம், பகலெல்லாம் போகிற வாயு செலவு.

அணையாதது என்பதால் ‘நந்தாச்சுடர்’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். அழகான சொல். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கின் நெய்க்காக 96 ஆடு விட்டார்கள், ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டு சொல்லும். ஆனால் கோயிலில் நெய்ச் செலவு புண்ணியக் கணக்கு. இங்கே வாயுச் செலவு நட்டக் கணக்கு. தவிர, நந்தா விளக்கு எரிவதற்காகவே எரிகிறது. இது இன்னொன்றைப் பற்றவைக்கக் காத்திருக்கிறது.

என் பாட்டி இரவில் அடுப்புக் கங்கைச் சாம்பலால் மூடிவைப்பார். காலையில் சுள்ளி வைத்து ஊதினால் போதும், தீக்குச்சி மிச்சம். அதே தந்திரம்தானே? என் பரிந்துரை: கங்குச்சுடர். அதற்கு வாயு கொண்டுவருவது கங்குக்குழாய். வாயு கீசரில் சுடர் அணைந்தால் வாயுவை அடைக்கும் வால்வு, கங்குக்காப்பு வால்வு.

—

> என் பரிந்துரை: கங்குச்சுடர்.

கங்கில் சுடர் ஏது என்று கேட்க வந்தேன். கங்குக்குழாயைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். நந்தாவில் இப்படிக் கிளை விடாது. சரி, பெரிய சுடருக்கு? ‘முதன்மைச் சுடர்’ அரசாணை மாதிரி இருக்கிறது. ‘பெருஞ்சுடர்’ என்று போட்டுவிடவா?