பீட்ரூட்: சிவப்பு கொத்தாக முளைக்கிறது, மஞ்சள் வரவே மாட்டேன் என்கிறது. உதவுங்கள்

கோவை மாடி:
வணக்கம். மாடியில் பைகளில் மூன்று ரகம் போட்டிருக்கிறேன்: டெட்ராய்ட் டார்க் ரெட், வெட்டினால் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வளையம் தெரியும் கியோஜா, அப்புறம் மஞ்சள் பீட்ரூட். செம்மண், கோகோபீட் (தென்னைநார்த் தூள்), மண்புழு உரம்தான் கலவை. குழிக்கு ஒரே விதை. ஆனால் சிவப்பில் ஒரு குழியில் மூன்று நான்கு நாற்று நிற்கிறது. மஞ்சளில் பாதிகூட வரவில்லை. வந்ததிலும் ஒன்றிரண்டுக்குத் தண்டு ரோஸ் நிறம். விதை கலப்படமா? நெருக்கமான நாற்றைப் பிடுங்கி வேறு பையில் நடலாமா?

உடுமலை விவசாயி:
நீங்கள் விதை என்று போடுவது, இரண்டு முதல் நான்கு விதை ஒட்டிக் காய்ந்த ஒரு முடிச்சு. பாலக் விதையும் அப்படித்தான் சொரசொரவென்று இருக்கும், இரண்டும் ஒரே இனம். அதனால் கொத்தாக வருவது இயல்பு. மூன்றாவது இலை வரும்போது நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் மண்ணோடு நறுக்குங்கள். பிடுங்கினால் நிற்பதன் வேரும் ஆடிவிடும். செடிக்குச் செடி நான்கு விரற்கடையாவது இருக்கட்டும். மாற்றி நட்டால் பிழைக்கும், ஆனால் ஆணிவேர் மடங்கினால் கிழங்கு கோணலாகும். நறுக்கியது பொரியலுக்கு ஆச்சு.

ஊட்டி மண்:
மஞ்சள் ரகத்துக்கு முளைப்பு குறைவுதான். கடைக்காரரைத் திட்ட வேண்டாம். முடிச்சின் தோலில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. இரவு ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி நன்றாக அலசி, ஈரம் காயும் முன் ஒரு செ.மீ. ஆழத்தில் போடுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஊறினால் அழுகும். முளைக்கும்வரை மேல்மண் காயக் கூடாது. மாடி வெயிலில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஈரச் சாக்கு போட்டு மூடி, முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

ரோஸ் தண்டு வேறு ரகம். மஞ்சளுக்குத் தண்டும் மஞ்சளாகத்தான் இருக்கும்.

கோவை மாடி:
நன்றி அண்ணா. ரோஸ் தண்டு கியோஜாவா, டெட்ராய்டா?

ஊட்டி மண்:
நாற்றில் சொல்வது கஷ்டம். இலை பெரிதானதும் பாருங்கள். நரம்பு அடர் சிவப்பாக ஓடினால் டெட்ராய்ட். இலை பச்சையாகவே இருந்தால் கியோஜாவாக இருக்கலாம். ஒன்று, வெயில் காலத்தில் கியோஜா வளையம் மங்கும், வேகவைத்தாலும் மங்கும். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து, பச்சையாகச் சீவிச் சாப்பிடுங்கள்.

உடுமலை விவசாயி:
மண்புழு உரத்தை இதற்கு மேல் ஏற்றாதீர்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் கொழுக்கும்.

கோவை மாடி:
சரி. இதிலிருந்தே விதை எடுக்கலாமா?

ஊட்டி மண்:
கோவையில் சிரமம். சில வாரம் நல்ல குளிர் பட்டால்தான் பூக்கும். பூத்தாலும் மகரந்தம் காற்றில் பறக்கும், மூன்று ரகமும் பக்கத்து பாலக்கும் கலந்துவிடும். விதையை வாங்கிக்கொள்வதே நல்லது.